ஒரு நிமிடத்துக்கு 61 விநாடியா? 'லீப் விநாடி'க்கு விடை கொடுக்கும் உலக நாடுகள்... என்னதான் பிரச்னை?

2017 ஜனவரி 1, அதிகாலை. இந்திய நேரப்படி 5 மணி 29 நிமிடம் 59 விநாடி முடிந்ததும் கடிகாரம் 5.30-க்குப் போகவில்லை. நடுவில் 5:29:60 என்று ஒரு விநாடி கூடுதலாக வந்துபோனது. இந்திய நேரத்தைப் பராமரிக்கும் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் இதைச் சேர்த்தது. புத்தாண்டு தூக்கத்தில் இருந்த யாருக்கும் இது தெரிந்திருக்காது. ஆனால், இந்த விநாடி தேவையா, வேண்டாமா என்று உலக நாடுகள் 20 வருஷத்துக்கும் மேலாக மோதிக்கொண்டிருந்தன.

எதுக்கு இந்த கூடுதல் விநாடி?

முன்பெல்லாம் நேரம் என்றாலே பூமி சுற்றுவதுதான் கணக்கு. 1967-ல் அது மாறியது. சீசியம் அணுவின் 919 கோடியே 26 லட்சத்து 31 ஆயிரத்து 770 அதிர்வுகள்தான் ஒரு விநாடி என்று முடிவானது. அணுக்கடிகாரம் பிசகாது. பூமி அப்படி இல்லை. நிலாவின் ஈர்ப்பால் கடலில் உண்டாகும் ஏற்ற இறக்கம், பூமியின் சுழற்சிக்கு மெதுவாக பிரேக் போட்டுக்கொண்டே இருக்கிறது. இதனால் அணுக்கடிகாரம் முன்னே ஓட, பூமி பின்தங்குகிறது.

இந்த இடைவெளி 0.9 விநாடியைத் தாண்டக்கூடாது என்பது விதி. தாண்டும்போல இருந்தால் சர்வதேச நேரத்தில் ஒரு விநாடி சேர்ப்பார்கள். 1972 முதல் இதுவரை 27 முறை சேர்த்திருக்கிறார்கள். அந்த 2017 புத்தாண்டு விநாடிதான் கடைசி.

கம்ப்யூட்டருக்கு ஏன் ஆகாது?

லீப் வருஷம் எப்போது வரும் என்று நூறு வருஷத்துக்கு முன்பே சொல்லிவிடலாம். லீப் விநாடி அப்படியில்லை. பூமியைக் கண்காணித்து, சுமார் 6 மாதம் முன்புதான் அறிவிப்பார்கள். பல கம்ப்யூட்டர்களுக்கு '60-வது விநாடி' என்றாலே என்னவென்று தெரியாது. அதனால் ஒரே விநாடியை இரண்டு முறை ஓட்டிச் சமாளிக்கின்றன. அங்கேதான் சிக்கல்.

2012-ல் லீப் விநாடி வந்தபோது லினக்ஸ் மென்பொருளில் இருந்த ஒரு கோளாறு வெளியே வந்தது. ரெட்டிட் தளம் முடங்கியது. ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனத்தில் செக்-இன் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட, விமானங்கள் தாமதமாகின. 2017-ல் கிளவுட்ஃபிளேர் நிறுவனம் மாட்டியது. 'நேரம் பின்னால் போகாது' என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட அதன் புரோகிராம் குழம்பிப்போனது.

கூகுள் வேறு வழி கண்டுபிடித்தது. அந்த ஒரு விநாடியை 24 மணி நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்பிவிட்டது. கேட்க புத்திசாலித்தனமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நாளில் கூகுள் காட்டும் நேரமும் சர்வதேச நேரமும் அரை விநாடி வரை வேறுபடும். எல்லாரும் ஆளுக்கொரு வழி வைத்துக்கொண்டால் பொதுவான நேரம் எதற்கு?

எதிர்ப்பு எங்கிருந்து வந்தது?

முக்கியமாக ரஷ்யா. அமெரிக்காவின் ஜிபிஎஸ் லீப் விநாடியைக் கண்டுகொள்வதே இல்லை. அதன் நேரம் இப்போது சர்வதேச நேரத்தைவிட 18 விநாடி முன்னால் ஓடுகிறது. ரஷ்யாவின் குளோனாஸ் செயற்கைக்கோள்களோ லீப் விநாடியைச் சேர்த்துக்கொண்டே இயங்குபவை. மாற்ற வேண்டுமென்றால் கால அவகாசம் வேண்டும். நேரத்துக்கும் சூரியனுக்குமான தொடர்பை அறுக்கக்கூடாது என்ற வாதமும் இருந்தது.

சாதாரண மக்களைப் பொறுத்தவரை இந்த வாதத்தில் பெரிய பலம் இல்லை. லீப் விநாடியே இல்லாவிட்டாலும் நூறு வருஷத்தில் சேரும் வித்தியாசம் சுமார் ஒரு நிமிடம்தான். சென்னையில் சூரியன் உச்சிக்கு வருவதே, சராசரியாக கடிகாரம் 12 காட்டி 9 நிமிடம் கழித்துத்தான். யாராவது கவலைப்பட்டோமா?

என்ன முடிவானது?

2022 நவம்பரில் பிரான்ஸின் வெர்சாய் நகரில் கூடிய எடை, அளவைகளுக்கான பொது மாநாடு, 2035-க்குள் அந்த 0.9 விநாடி வரம்பைத் தளர்த்த முடிவு செய்தது. குறைந்தது நூறு வருஷத்துக்கு லீப் விநாடி தேவைப்படாத அளவுக்கு வரம்பு இருக்க வேண்டும் என்பது திட்டம். 2023-ல் துபாயில் நடந்த உலக வானொலித் தொடர்பு மாநாடும் இதை ஏற்றது. பழைய கருவிகளை மாற்ற முடியாதவர்களுக்கு 2040 வரை இடம் கொடுத்தது.

ஆனால் பூமி 2035 வரை காத்திருக்குமா என்பதுதான் சந்தேகம். சமீப வருஷங்களில் அது கொஞ்சம் வேகமாகச் சுற்றுகிறது. 2024 ஜூலை 5 அன்று ஒரு நாள், 24 மணி நேரத்தைவிட 1.66 மில்லிவிநாடி குறைவாக முடிந்தது. இதே போக்கு நீடித்தால், ஒரு விநாடியைச் சேர்ப்பதற்குப் பதில் எடுக்க வேண்டிவரும். அதாவது 58-க்குப் பிறகு நேராக அடுத்த நிமிடம். இப்படி இதுவரை ஒருமுறைகூட நடந்ததில்லை. கூட்டுவதற்கே தடுமாறிய கம்ப்யூட்டர்கள் கழித்தலை எப்படித் தாங்கும் என்பதுதான் தொழில்நுட்ப நிறுவனங்களின் பயம்.

இதில் பருவநிலை மாற்றத்துக்கும் பங்கு உண்டு. கிரீன்லாந்து, அண்டார்டிகா பனி உருகி, அந்த நீர் பூமத்திய ரேகைப் பக்கம் பரவுகிறது. சுழலும் நாற்காலியில் உட்கார்ந்து கையை விரித்தால் வேகம் குறையுமே, அதே கதைதான். அமெரிக்க புவி இயற்பியலாளர் டங்கன் ஆக்னியூ 2024-ல் நேச்சர் இதழில் வெளியிட்ட கணக்குப்படி, பனி உருகாமல் இருந்திருந்தால் 2026-லேயே ஒரு விநாடியைக் கழிக்க வேண்டி வந்திருக்கும். உருகியதால் அது 2029 வரை தள்ளிப்போயிருக்கிறது.