ஸ்கங்க் நம்பர் 1: ஒரு கஞ்சா ரகத்தின் பூர்வீகம்

கஞ்சாவின் கலப்பின ரகங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் ஸ்கங்க் நம்பர் 1 என்ற பெயர் கட்டாயம் வரும். 1970களில் கலிபோர்னியாவில் உருவான அது, இன்று புழங்கும் எத்தனையோ ரகங்களுக்குப் பாட்டன். அதற்கும் முந்தைய தலைமுறையிலிருந்து நாம் தொடங்குவோம்.

மெக்சிகோவின் அகபுல்கோ கோல்டு, கொலம்பியன் கோல்டு, ஆப்கானிஸ்தான் மலைச்செடி ஆகிய மூன்றும் அதன் மூதாதைகள் என்கிறார்கள் வளர்ப்பவர்கள். முதல் இரண்டும் வெப்ப நாட்டுச் செடிகள். நெடுநெடுவென வளரும், பூக்க நாளாகும். குளிர் முந்தி வரும் வடநாடுகளில் பூ முற்றுவதற்குள் பருவமே போய்விடும். ஆப்கன் செடியோ குட்டை. மலையில் பனி இறங்குமுன் விதை பிடித்தாக வேண்டும் என்பதால் சீக்கிரமே பூத்துவிடும். வெப்ப நாட்டு மணத்தையும் மலைச்செடியின் அவசரத்தையும் ஒன்றுசேர்க்கத்தான் இந்தக் கலப்பு.

கலந்ததோடு வேலை முடிந்தது, பெயர் ஒன்றானால் செடியும் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறோம். எல்லோரும் இடறுவது இங்கேதான். மல்கோவா கொட்டையை நட்டால் மல்கோவாதான் காய்க்கும் என்று சொல்ல முடியாது. அதனால்தானே ஒட்டுக்கன்று வாங்குகிறோம்? இங்கும் அப்படித்தான். கலப்பினத்தின் விதைகளை விதைத்தால் ஒன்று ஆப்கன் தாத்தாவைப் போலக் குட்டையாக நிற்கும், இன்னொன்று மெக்சிகோப் பாட்டியைப் போல ஓங்கி வளரும். குணம் மாறாமலிருக்க, தாய்ச்செடியின் கிளையை வெட்டி வேர்விட வைக்கலாம். இல்லையென்றால், ஒரே சீராக முளைக்கும் விதை கிடைக்கும்வரை தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுக்க வேண்டும். ஸ்கங்க் நம்பர் 1 இப்படிப் பொறுக்கி நிலைப்படுத்திய ரகம். அந்தப் பொறுமைதான் அதன் பெருமை. 1980களின் தொடக்கத்தில் அதன் விதைகள் நெதர்லாந்து போய்ச் சேர்ந்தன.

இனி வாசனைக்கு வருவோம். எதிரிமேல் நாற்றத்தைப் பீய்ச்சும் வட அமெரிக்கச் சிறுவிலங்கு ஸ்கங்க். ரகத்தின் பெயர் அதிலிருந்து வந்தது. செடிகளுக்கு மணம் தரும் டெர்பீன் என்ற எண்ணெய்ப் பொருட்களே இந்த நெடிக்கும் காரணம் என்று நெடுநாள் நம்பியிருந்தார்கள். கஞ்சாவின் ஸ்கங்க் நெடிக்குக் காரணம் கந்தகம் கலந்த மூலக்கூறுகள் என்று 2021இல் அமெரிக்க வேதியியலாளர்கள் கண்டறிந்தார்கள். இருப்பது இம்மியளவு, ஆனால் மூக்கைத் துளைக்கும். வெயில் பட்டுக் கெட்ட பீரில் வீசும் வாடைக்கும் அவற்றில் ஒன்றுதான் காரணம். பூ முற்றும்போதும் பதப்படும்போதும் ஏறும் இந்த நெடி, சேமிப்பில் இறங்கிவிடும். அதனால் ஒரே செடியின் பூகூட நாளுக்கு ஒரு மாதிரி மணக்கும்.

எங்கே கிடைக்கும்? இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி கஞ்சாவை வளர்ப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். நெதர்லாந்தின் 'காபி ஷாப்'களில் ஒருவருக்கு 5 கிராம்வரை விற்பதைக் கண்டும் காணாமல் விடுகிறார்கள். அங்கேயும் பொட்டலத்தின் மேலுள்ள பெயரை வைத்துக் குலத்தை முடிவுசெய்ய முடியாது. பிரிட்டனிலோ வீரியமான எந்தக் கஞ்சாவுக்கும் இன்று 'ஸ்கங்க்' என்றே பெயர். அப்படி விற்கப்படுவதில் மெக்சிகோப் பாட்டியின் ரத்தம் துளிகூட இல்லாமலிருக்கலாம்.