விளையாட்டுப் பெட்டிக்கு வெளி வன்தட்டு: கூடுவது இடமா, பாதுகாப்பா?

“சீடி இருக்குதானே, பிறகென்ன இடமில்லையாம்?” பிளேஸ்டேஷன் 4 உள்ள வீடுகளில் உம்மாமார் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான்.

2000 ஆம் ஆண்டு வெளியான பிளேஸ்டேஷன் 2 இல் விளையாட்டு வட்டிலிருந்தே ஓடியது. எந்தக் கட்டம் வரை விளையாடினோம் என்ற பதிவு மட்டும் 8 மெகாபைட் மெமரி கார்டில் தங்கியது. 2013 இல் வந்த பிளேஸ்டேஷன் 4 அப்படியல்ல. வட்டை வாசிக்கும் வேகம் புதிய விளையாட்டுகளுக்குப் போதாததால், விளையாட்டு உள்ளேயுள்ள வன்தட்டில் பிரதியாகிறது. வட்டு வெறும் சாவியாகிவிட்டது. ஒரு பெரிய விளையாட்டு 50 ஜிகாபைட்டையும் தாண்டும். ஆகவே 500 ஜிகாபைட் வன்தட்டு விரைவில் நிரம்பிவிடும். அழித்துவிட்டு மீண்டும் தரவிறக்கலாம். ஆனால் ரவுட்டரில் மாத டேட்டா கரைந்துபோகும்.

இதற்கு வழியாக, 2017 மார்ச்சில் வந்த 4.50 மென்பொருள் மேம்படுத்தல் வெளி வன்தட்டை அனுமதித்தது. அது யூ.எஸ்.பி. 3.0 வகையாகவும், 250 ஜிகாபைட் முதல் 8 டெராபைட் வரையான கொள்ளளவுடையதாகவும் இருக்க வேண்டும். பெட்டியில் நேரடியாகச் செருகி, அமைப்புகளில் ‘விரிவுபடுத்திய சேமிப்பகம்’ ஆக ஃபோர்மட் செய்ய வேண்டும். அப்போது அதிலுள்ள அனைத்தும் அழிந்துவிடும். கலியாணப் படங்கள் உள்ள வன்தட்டை ஒருபோதும் இதற்குக் கொடுக்காதீர்கள்.

எங்கள் வீட்டுப் பெட்டி பழுதாகத் தொடங்கி, திருத்தக் கொடுக்கவிருந்தபோது தம்பி, “எல்லாம் வெளி ஹார்டில இருக்கு ராத்தா, பயமில்லை” என்றான். உண்மை வேறு. வெளி வன்தட்டுக்குப் போவது விளையாட்டு மட்டுமே. அவன் இரண்டு வருடமாகக் கட்டியெழுப்பிய உதைபந்தாட்ட அணியின் பதிவு பெட்டிக்குள்ளேயே இருந்தது. விளையாட்டை மீண்டும் தரவிறக்கலாம். அந்தப் பதிவை எங்கும் வாங்க முடியாது. அதனால் வேறொரு பென் டிரைவில் அதைப் பிரதியெடுத்தோம். புதிய வன்தட்டுடன் பெட்டி திரும்பி வந்தபோது அணியும் திரும்பி வந்தது.

பிளேஸ்டேஷன் 5 இல் நிலைமை இன்னும் வேறு. அதன் உள் எஸ்.எஸ்.டி. மிக வேகமானது, யூ.எஸ்.பி. வன்தட்டு அதற்கு ஈடுகொடுக்காது. பிளேஸ்டேஷன் 5 விளையாட்டுகளை வெளி வன்தட்டில் வைத்திருக்கலாம், அதிலிருந்து விளையாட முடியாது. சாமான் அறையில் அரிசி மூட்டை இருந்தாலும், சமைக்க அடுப்படிக்குக் கொண்டுவர வேண்டும் அல்லவா? அதுபோலத்தான். பிளேஸ்டேஷன் 5 விளையாட்டுகளின் பதிவுகளைத் தனியாகப் பென் டிரைவில் பிரதியெடுக்கவும் முடியாது. கட்டணச் சந்தா மூலம் இணையச் சேமிப்பில் வைக்கலாம்.

நமது ஊர்ச் சூழலையும் கவனிக்க வேண்டும். 2022 இன் நீண்ட மின்வெட்டுகளை நாம் மறக்கவில்லை. தரவு எழுதப்படும் வேளையில் மின்சாரம் போனால் வன்தட்டுப் பதிவுகள் சிதையலாம். ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியும் உள்ள இடத்தில் உப்புக்காற்று உலோக முனைகளை அரிக்கும். பாவிக்காத வன்தட்டை உறையில் வையுங்கள். கழற்றுமுன் அமைப்புகளில் அதன் பயன்பாட்டை நிறுத்துங்கள்.

நம் கைப்பேசிக்கும் இதே விதிதான். படங்களை மெமரி கார்டுக்கு ‘நகர்த்தினால்’ இடம் கிடைக்கும், பிரதி கிடைக்காது. உம்மம்மாவின் குரல் பதிவு ஒரேயொரு இடத்தில் இருக்கிறதென்றால், இன்றே இன்னோரிடத்திலும் அதைப் பிரதியெடுத்து வையுங்கள்.