கதவில்லா ஜீப்பும் நெடுஞ்சாலைச் சட்டமும்



தொழில் நிமித்தமாகப் புணேயிலோ, தில்லியிலோ, சண்டீகரிலோ குடியேறிவிட்ட நம்மவர்களில் ஜீப் வகை வண்டி வைத்திருப்போர் இன்று பலர். விடுமுறை நாளில் மலைப்பக்கம் செல்லும்போது கதவுகளைக் கழற்றி வைத்துவிட்டுக் காற்றோட்டமாகப் போகலாமே என்ற ஆசை அவர்களுக்கு எழுவது இயல்பு. "நம் ஊரில்தான் இதைக் குற்றம் என்பார்கள், இந்த மாநிலத்தில் கேட்பாரில்லை" என்று நண்பர்கள் ஊக்குவதும் உண்டு. சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறதா? கதவில்லாத வண்டியை நெடுஞ்சாலையில் ஓட்டுவது குற்றந்தானா? இவ்விரண்டு வினாக்களையும் இன்று ஆராய்வோம்.

முதல் வினாவுக்கு விடை எளிது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இல் பாராளுமன்றம் இயற்றியது. இந்தியா முழுவதற்கும் அது பொது. இடத்துக்கு இடம் கண்டிப்பு கூடலாம், குறையலாம். வழக்கின்றி முடித்துக்கொள்ளக் கட்டும் தொகையும் வேறுபடலாம். சட்டத்தின் அடிப்படை மட்டும் எங்கும் ஒன்றே. ஒரு சோதனைச் சாவடியில் விட்டுவிட்டார்கள் என்பது மறு சாவடியில் சான்றாகாது.

இரண்டாம் வினாவே சிந்திக்கத்தக்கது. வண்டிக்குக் கதவு இருக்கிறதா, இல்லையா என்பதைவிட, தயாரிப்பாளர் எவ்வடிவில் அங்கீகாரம் பெற்றாரோ அவ்வடிவில் வண்டி இருக்கிறதா என்பதையே சட்டம் முதலில் கேட்கிறது. தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றலாகாது என்பது 52-ஆம் பிரிவு. எரிவாயுவில் ஓடும்படி அங்கீகரிக்கப்பட்ட கருவி பொருத்துதல், உடல் ஊனமுற்றோர்க்கு ஏற்ப வண்டியை அமைத்தல் போன்ற சிலவற்றுக்கே விலக்கு உண்டு. இப்பிரிவைக் கண்டிப்பாகவே பொருள் கொள்ளவேண்டும் என்பதை 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது. அவ்வாண்டு செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தமோ, விதிக்குப் புறம்பான மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என வகுத்தது.

அப்படியாயின், பழைய ஜீப்புகள் கதவின்றி ஓடவில்லையா என்று கேட்கலாம். ஓடின. இரண்டாம் உலகப் போரில் வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் கட்டிய ஜீப்புக்குக் கதவே கிடையாது. வீரர்கள் சட்டென ஏறி இறங்க அது வசதி. 1940-களின் இறுதியில் மகீந்திரா நிறுவனம் அவ்வண்டியைப் பம்பாயில் பாகம் சேர்த்து விற்கத் தொடங்கியது. கதவின்றியே பிறந்து, அவ்வாறே பதிவாகி, பதிவும் தகுதியும் இன்றுவரை செல்லுபடியாகும் வண்டியில் கதவில்லாமை 'மாற்றம்' ஆகாது. கதவோடு பிறந்த புதிய வண்டியில் கழற்றுவதே மாற்றமாகும். அதே முறையில், தயாரிப்பாளரே மடக்கும் துணிக் கூரையோடு விற்ற வண்டியின் கூரையை மடக்குவதும் குற்றமாகாது.

அமெரிக்கச் சாலைகளில் கதவில்லாத ஜீப்புகள் ஓடும் படங்களை நீங்கள் பார்த்திருக்கலாம். கதவின்றி ஓட்டுவதற்கென்றே வடிவமைத்த வண்டிகளின் கழற்றும் கதவுகளுக்கு அந்நாட்டுக் கதவுத் தர விதி விலக்களிக்கிறது. அங்கும் தயாரிப்பாளரின் வடிவமைப்பே அளவுகோல் என்பதைக் கவனியுங்கள். திருப்புளியால் கழற்ற முடிகிறது என்பதனாலேயே கழற்ற அனுமதி உண்டு என்று ஆகிவிடாது.

இவ்வளவு கண்டிப்பு ஏன்? இன்றைய கதவு வெறும் தகடு அன்று. பக்கவாட்டில் மோதும் வண்டியின் வேகத்தைத் தாங்கவே அதனுள் எஃகு விட்டம் அமைக்கிறார்கள். புதிய கார் வகைகளுக்குப் பக்கவாட்டு மோதல் சோதனை நம் நாட்டில் 2017 அக்டோபரில் கட்டாயமாயிற்று. வண்டி புரளும்போது உள்ளிருப்பவர் வெளியே வீசப்படாமல் காப்பவை இருக்கைப் பட்டையும் கதவுமே. பக்கக் கண்ணாடியும் பெரும்பாலும் கதவிலேதான் இருக்கிறது. கதவு போனால், பின்னால் வரும் லாரியைக் காட்டும் கண்ணும் போயிற்று.

வெளிமாநிலத்தில் வாழ்வோர் மேலும் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வண்டியை வைத்திருந்தால், புதிய பதிவு எண்ணுக்கு விண்ணப்பிக்கவேண்டும் என்பது 47-ஆம் பிரிவு. 2021-இல் வந்த பாரத் வரிசை எண் பெற்றவர்க்கு இத்தொல்லை இல்லை. மற்றவர் ஆட்சேபமின்மைச் சான்றோடு புதிய ஊரின் ஆர்.டி.ஓ. அலுவலகத்தை அணுகும்போது, வண்டியை நேரில் காட்டும்படி கேட்கக்கூடும். ஆர்.சி. ஒன்று சொல்ல, வண்டி வேறொன்று சொல்லுமானால், சிக்கல் அங்கே தொடங்கும். விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனியும், தனக்கு அறிவிக்காத மாற்றத்தைக் காரணங்காட்டி, சொந்த வண்டிச் சேதத்துக்கான தொகையை மறுக்க முயலலாம்.

ஹரியானாவின் மண்டி டப்வாலி, திறந்த ஜீப்புகளைக் கட்டுவதில் பெயர்பெற்ற ஊர். அத்தகைய வண்டியை எங்கு வாங்கினாலும், அழகில் மயங்குமுன் சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள், உடலமைப்பு என்னவென்று அதில் பதிவாகியிருக்கிறது என்பதையும் பாருங்கள்.

தனியார் தோட்டத்திலோ, வேலியிட்ட பயிற்சித் தடத்திலோ கதவின்றி ஓட்டிப் பார்க்கும் ஆசை இருந்தால், அங்கே போய்க் கழற்றி, சாலைக்குத் திரும்புமுன் மாட்டிவிடுங்கள். பொதுமக்கள் உரிமையோடு நடமாடும் வழி மண்பாதையாயினும், சட்டத்தின் கண்ணில் அதுவும் பொது இடமே.

காற்று வேண்டுமாயின் கண்ணாடியை இறக்கிக்கொள்ளலாம். ஊரில் பெற்றோரும் உற்றாரும் நம் வரவை எதிர்நோக்கியிருக்க, நெடுவழி போகும் நமக்குக் கதவு ஒரு சுமையன்று; துணை.