ஒன்றைக் கழற்றும்போது மற்றொன்றையும் மாற்றலாமா?

“கழட்டினது கழட்டியாச்சு, இதையும் சேர்த்து மாத்திடலாமா சார்?” சொந்தக் கார் வைத்திருப்போரில் இக்கேள்வியை ஒருமுறையேனும் எதிர்கொள்ளாதவர் அரிது. பிரேக் பேட் மாற்றுவதற்காகச் சக்கரத்தைக் கழற்றிய மெக்கானிக், உள்ளே தேய்ந்திருக்கும் வேறொரு பாகத்தைச் சுட்டிக்காட்டுகிறார். அதுவரை மனத்தில் வைத்திருந்த செலவுக் கணக்கு அந்தக் கணமே தடம் மாறுகிறது. ‘வேண்டாம்’ என்றால், குடும்பத்தோடு செல்லும்போது நடுவழியில் அந்தப் பாகம் கைவிட்டுவிடுமோ என்ற அச்சம். ‘சரி’ என்றால், தேவையின்றிப் பணத்தை இறைக்கிறோமோ என்ற ஐயம்.

உத்தரவாதக் காலம் முடிந்தபின் நம் நாட்டில் பலர் பழக்கமான மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழைத்து வேலையை முடித்துக்கொள்கின்றனர். சிலர் ஞாயிற்றுக்கிழமை காலையில் தாமே ஸ்பானரைக் கையில் எடுக்கின்றனர். இரு நிலைகளிலும் எதை மாற்றுவது, எதை விடுவது என்ற முடிவு உரிமையாளரின் பொறுப்பாகிறது. அந்த முடிவை அச்சத்தாலோ தயக்கத்தாலோ எடுக்காமல், கணக்கிட்டு எடுக்கும் வழியை இங்கே காண்போம்.

பாகத்தின் விலை, அதைச் சென்றடையும் விலை

பழுதுச் செலவு எதுவாயினும் அதில் இரண்டு கூறுகள் உண்டு. ஒன்று, பாகத்தின் விலை. மற்றொன்று, அந்தப் பாகத்தைச் சென்றடைவதற்கான கூலி. சில பாகங்களை பானெட்டைத் திறந்தவுடன் கையால் எடுத்துவிடலாம். வேறு சிலவற்றைத் தொடவே கியர்பாக்ஸை இறக்க வேண்டியிருக்கும். கூடுதல் பாகத்தை மாற்றலாமா என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் இந்த இரண்டாம் கூற்றில்தான் இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். கிளட்ச் தட்டு தேய்ந்துவிட்டது. கியர்பாக்ஸை இறக்கி ஏற்றக் கூலி 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதன் அருகிலேயே இருக்கும் ரிலீஸ் பேரிங்கின் விலை 1,200 ரூபாய் எனக் கொள்வோம். இப்போதே மாற்றினால் கூடுதல் செலவு 1,200 ரூபாய் மட்டுமே. மாற்றாமல் விட்டு, ஓராண்டில் அது பழுதானால் மீண்டும் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். செலவு 7,200 ரூபாய். இப்போதைய கூடுதல் செலவு பிற்காலச் செலவில் ஆறில் ஒரு பங்கு. ஆகவே, அடுத்த கிளட்ச் மாற்றம் வரை அந்தப் பேரிங் தாங்காமல் போவதற்கான வாய்ப்பு ஆறில் ஒன்றைவிட அதிகம் எனத் தோன்றினால், இப்போதே மாற்றுவதுதான் சிக்கனம். பழைய கிளட்ச் தட்டு ஓடிய அதே தொலைவை அந்தப் பேரிங்கும் ஓடியிருக்கிறது என்பதை நினைவிற்கொண்டால் முடிவு எளிதாகும்.

இதே கணக்கை ஏர் ஃபில்டருக்குப் போட்டுப் பார்ப்போம். அதை எடுக்க இரண்டு நிமிடம் போதும். கூலி ஏறத்தாழ இல்லை. இன்று மாற்றினாலும் ஆறு மாதம் கழித்து மாற்றினாலும் செலவு ஒன்றே. ஆகவே, முன்கூட்டி மாற்றுவதால் மிச்சமாவது எதுவுமில்லை. எஞ்சியிருக்கும் அதன் ஆயுள்தான் வீணாகிறது. இத்தகைய பாகங்கள் தம் ஆயுளை முடிக்கும்வரை காத்திருப்பதே முறை.

வீட்டில் நாமே வேலை செய்யும்போது கூலி இல்லையே என எண்ணலாம். நமது விடுமுறை நாளும் ஒரு செலவுதான். ஒரே வேலைக்காக இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுக்க நாம் ஆயத்தமா என்று கேட்டுக்கொண்டால் இக்கணக்கு அங்கும் பொருந்தும்.

சேர்த்தே மாற்ற வேண்டியவை

முதல் வகை, ஒருமுறை கழற்றினால் மீண்டும் பயன்படுத்தக் கூடாதவை. எஞ்சின் ஆயிலை வடிக்கும் போல்ட்டின் வாஷர், கேஸ்கெட்டுகள், ஆயில் சீல்கள், ஸ்பிளிட் பின் ஆகியவை இதில் அடங்கும். மிகக் குறைந்த விலையுள்ள இவற்றில் சிக்கனம் பார்த்தால் ஆயில் கசிவு, தளர்வு என்று வேலை மீண்டும் தொடக்கத்துக்கே வந்துவிடும். வேலை தொடங்குமுன் இவை கையில் இருக்க வேண்டும்.

இரண்டாம் வகை, இணையாக மாற்ற வேண்டியவை. ஒரு பக்கத்து பிரேக் பேடை மட்டும் மாற்றினால் இரு சக்கரங்களும் சமமாகப் பிடிக்காமல், பிரேக்கை அழுத்தும்போது கார் ஒரு பக்கமாக இழுக்கும். ஆகவே, முன்சக்கரங்கள் இரண்டுக்கும் சேர்த்து, அல்லது பின்சக்கரங்கள் இரண்டுக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஷாக் அப்சார்பருக்கும் இதுவே விதி. முன்பக்கத்தில் தேய்ந்தால் பின்பக்கத்தையும் சேர்த்து, நான்கையும் மாற்ற வேண்டும் என்று எவரேனும் கூறினால் அதற்கான காரணத்தைத் தனியே கேட்க வேண்டும்.

மூன்றாம் வகை, ஒரே கதவுக்குப் பின்னால் இருப்பவை. கிளட்ச் தட்டுடன் பிரஷர் பிளேட்டும் ரிலீஸ் பேரிங்கும். கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போது எஞ்சினின் பின்பக்க ஆயில் சீலில் கசிவு தெரிந்தால் அதுவும். டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின்களில் பெல்ட்டுடன் அதன் டென்ஷனரும், வாட்டர் பம்ப்பை அந்தப் பெல்ட்டே இயக்குமாயின் அந்தப் பம்ப்பும் சேரும். இங்கே சிக்கனம் பார்ப்பது ஆபத்தானது. பழைய டென்ஷனர் இறுகி நின்றால் புதிய பெல்ட்டும் அறுந்துபோகும். பல எஞ்சின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன்கள் வால்வுகளில் மோதி எஞ்சினே பாழாகும். பெல்ட்டுக்குப் பதில் செயின் உள்ள எஞ்சின்களுக்கு இக்கவலை பெரிதும் இல்லை. நம் காரில் இருப்பது எது என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்வது நல்லது.

நான்காம் வகை, சிறியதை விட்டால் பெரியதைக் கெடுப்பவை. முன்சக்கரத்துக்குச் செல்லும் அச்சின் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்தால் கிரீஸ் வெளியேறி, தூசியும் நீரும் உள்ளே புகும். உறையின் விலை சிறிது. மூட்டின் விலை அதைப்போல் பலமடங்கு. கிழிசல் கண்ணில் பட்ட அன்றே மாற்றினால் மூட்டைக் காப்பாற்றலாம்.

ஓடுகின்ற பாகத்தை ஏன் தொடக் கூடாது?

‘எப்படியும் மாற்றத்தானே போகிறோம்’ என்று நன்றாக இயங்கும் பாகங்களைக் கழற்றுவதில் பணச்செலவைத் தவிர வேறோர் இடரும் உண்டு. காருடன் வந்த பாகம் தயாரிப்பாளரின் சோதனைகளைக் கடந்து வந்தது. அதன் இடத்தில் போலிப் பாகம் ஒன்று அமர்ந்துவிட்டால் நாம் பணம் கொடுத்துக் கெடுதலை வாங்கியதாகிவிடும். தில்லியின் காஷ்மீரி கேட், பெங்களூரின் ஜே.சி. சாலை போன்ற பெரிய உதிரிபாகச் சந்தைகளில் அசலும் கிடைக்கும். அதன் பெயரைத் தாங்கிய போலியும் கண்ணில் படலாம். மேலுறையில் பாக எண், அதிகபட்ச சில்லறை விலை, தயாரிப்பாளரின் பாதுகாப்பு முத்திரை ஆகியவற்றைப் பார்த்து, ரசீதுடன் வாங்க வேண்டும்.

சென்சார்களை ஊகத்தால் மாற்றுவதும் வீண்செலவே. டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் முதலில் ஸ்கேன் கருவியால் பிழைக்குறியைப் படிக்க வேண்டும். பின்னர் ஒயரையும் இணைப்பையும் சோதிக்க வேண்டும். பாகத்தை மாற்றுவது அதற்கு அடுத்த படி.

கண்ணால் அன்று, அளவால்

‘தேய்ந்துவிட்டது’ என்ற சொல் மட்டும் செலவுக்குப் போதிய ஆதாரமாகாது. எவ்வளவு தேய்ந்தது, எவ்வளவு வரை தாங்கும் என்ற இரண்டும் தெரிய வேண்டும்.

பிரேக் பேடின் உராயும் பகுதி புதிதில் ஏறத்தாழ 10 முதல் 12 மி.மீ. தடிமன் கொண்டது, 3 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டால் மாற்றிவிடலாம். 7 மி.மீ. இருக்கும்போது மாற்றச் சொன்னால் மறுக்கலாம். பிரேக் டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் அந்த டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அளவுகோல் கொண்டு அளந்து ஒப்பிடலாம்.

டயரின் பள்ளங்களுக்குள் 1.6 மி.மீ. உயரமுள்ள சிறு மேடுகள் அமைக்கப்பட்டுள்ளன. டயரின் மேற்பரப்பு அவற்றின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் ஆயுள் முடிந்தது என்று பொருள். மும்பை, கொங்கணக் கரை போன்று கனமழை பெய்யும் இடங்களில் அதுவரை காத்திருப்பது நன்றன்று. நீரை வெளியேற்றும் திறன் அதற்கு முன்பே குறைந்துவிடும். டயரின் பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்கங்கள் அது உருவான வாரத்தையும் ஆண்டையும் காட்டுகின்றன. 2321 என்றிருந்தால் 2021ஆம் ஆண்டின் 23ஆம் வாரம்.

எஞ்சினை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து அளக்கும்போது பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு மின்னேற்றத்துடன் இருக்கிறது. 12 வோல்ட்டை ஒட்டி இருந்தால் ஏறத்தாழ வற்றிவிட்டது. ஒருமுறை வற்றியதற்காக அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. முழுமையாக மின்னேற்றம் செய்து, பளு கொடுத்துச் சோதித்தபின் முடிவு செய்யலாம். வெயிலில் நலிந்த பேட்டரி வட மாநிலங்களின் குளிர்காலத்தில் கைவிடுவது வழக்கம்; ஆகவே, குளிருக்கு முன் சோதிப்பது நல்லது.

கணக்குக்கு அப்பாற்பட்டவை

பிரேக், ஸ்டியரிங், டயர், சீட் பெல்ட் ஆகிய நான்கிலும் மேற்கூறிய ஆறில் ஒரு பங்குக் கணக்கைப் போடக் கூடாது. இவை தவறினால் இழப்பை ரூபாயில் எண்ண இயலாது. பிரேக் ஆயில் கசிவு, ஸ்டியரிங் மூட்டில் ஆட்டம், டயரில் வீக்கம் ஆகியவை தெரிந்தால் மாற்றும்வரை காரை எடுக்காமல் இருப்பதே அறிவுடைமை. கையில் பணம் குறைவாக இருந்தால் ஏ.சி., பெயின்ட், சீட் உறை ஆகியவற்றைத் தள்ளிவைத்து இவற்றை முதலில் முடிக்க வேண்டும்.

வீட்டில் செய்யும் வேலைக்கும் எல்லை உண்டு. ஜாக் மட்டும் தாங்கி நிற்கும் காரின் அடியில் எந்த நிலையிலும் செல்லலாகாது. சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்து, உறுதியான ஸ்டாண்டுகளின் மீது இறக்கிய பின்னரே வேலை தொடங்க வேண்டும். ஏர்பேக், சஸ்பென்ஷன் ஸ்பிரிங், ஹைபிரிட் மற்றும் மின்சாரக் கார்களின் உயர் மின்னழுத்தப் பகுதி ஆகியவற்றைப் பயிற்சி பெற்றவர்களிடமே விட்டுவிட வேண்டும். பிரேக் ஆயில் குழாயைத் திறக்க நேர்ந்தால், உட்புகுந்த காற்றை முழுவதும் வெளியேற்றத் தெரிந்தவர் உடனிருப்பது இன்றியமையாதது.

பணத்தை எவ்வாறு ஆயத்தம் செய்வது?

தேய்மானத்தாலும் இயந்திரக் கோளாறாலும் நேரும் செலவை வழக்கமான மோட்டார் காப்பீடு ஏற்பதில்லை. விபத்துப் பழுதிலும் ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்கள், டயர், பேட்டரி ஆகியவற்றுக்கு 50 விழுக்காடு தேய்மானம் கழிக்கப்படும்; தேய்மானக் கழிவற்ற கூடுதல் பாதுகாப்பை எடுத்தவர்களுக்கு அந்தந்தப் பாலிசியின் விதிகள் பொருந்தும். விபத்துப் பழுதுக்காகக் காரைத் திறக்கும்போது, அருகிலுள்ள தேய்ந்த பாகத்தை நமது செலவில் மாற்றிக்கொள்வது நல்ல வாய்ப்பே. ஆனால், அதற்குத் தனி ரசீது பெற வேண்டும்; காப்பீட்டுக் கோரிக்கையில் அதைச் சேர்ப்பது முறையன்று.

ஆகவே, இச்செலவுக்கு நமது சேமிப்பே துணை. மாதம் 1,500 ரூபாய் தொடர் வைப்பில் செலுத்தினால் ஓராண்டில் வட்டி நீங்கலாக 18,000 ரூபாய் சேரும். அந்தத் தொகை கையில் இருந்தால், ‘இப்போது பணமில்லை’ என்ற ஒரே காரணத்தால் 1,200 ரூபாய் வேலையை 7,200 ரூபாய் வேலையாக வளரவிட நேராது. கடன் அட்டையில் செலுத்துவோர் முழுத் தொகையையும் உரிய நாளுக்குள் கட்டிவிட வேண்டும். நிலுவை வைத்தால் வட்டியானது சேர்த்து மாற்றியதில் கிடைத்த மிச்சத்தை விழுங்கிவிடும்.

காரை விரைவில் விற்க எண்ணுவோர்க்கும் இக்கணக்கு மாறும். தனிப்பயன்பாட்டுக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் தகுதிச் சோதனைக்குட்பட்டு ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அந்த எல்லையை நெருங்கிய காரில், பாதுகாப்புக்கு உரியவற்றை மட்டும் மாற்றி, நெடுங்காலப் பயன் தரும் செலவுகளைத் தவிர்க்கலாம்.

வேலை தொடங்குமுன் கேட்க வேண்டியவை

மெக்கானிக்கிடம் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கே. இந்தப் பாகம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது? இதைப் பின்னர் மாற்றினால் மீண்டும் எதையெல்லாம் கழற்ற வேண்டும்? இது திடீரெனக் கெட்டால் கார் நிற்குமா, அல்லது நம்மால் நிறுத்த முடியாமல் போகுமா? கழற்றிய பழைய பாகத்தைக் காட்டுவீர்களா? நேர்மையான மெக்கானிக் இக்கேள்விகளால் வருந்தமாட்டார்; பெரும்பாலும் மகிழ்ச்சியோடு பாகத்தைக் கையில் கொடுத்தே விளக்குவார்.

விடைகளைக் கேட்டபின், மாற்றியவற்றையும் மாற்றாமல் விட்டவற்றையும் தேதி, ஓடிய கிலோமீட்டர், அளவு ஆகியவற்றோடு ஒரு குறிப்பேட்டில் எழுதி ரசீதுகளுடன் காரிலேயே வைத்துக்கொள்வோம். ‘பின் பிரேக், 5 மி.மீ., அடுத்த சர்வீசில் பார்க்க’ என்ற ஒரு வரி போதும். அடுத்த முறை அதே கேள்வி எழும்போது விடை நம் கையிலேயே இருக்கும்.