இருண்ட கதையை வகுப்பில் சொல்லலாமா?

ஒன்பதாம் வகுப்புக்கு வாரம் ஒரு நூலகப் பாடவேளை உண்டு. அதில் கதை சொல்வது என் வழக்கம். சென்ற ஆண்டு மூன்று வாரங்கள் தொடர்ந்து சொன்னது, வில்லியம் கோல்டிங் ஆங்கிலத்தில் எழுதிய 'லார்ட் ஆஃப் தி ஃபிளைஸ்' நாவலின் கதை. இரண்டாம் வாரம் முடிந்த மறுநாள் சக ஆசிரியை ஒருவர் கேட்டார்: "ஏன் சார், பசங்க பசங்களையே கொல்ற கதை இதுங்களுக்கு எதுக்கு? போன்ல பார்க்கிறது போதாதா?"

நியாயமான கேள்விதான். அன்று என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை.

அந்த நாவலை எழுதியவரும் நம்மைப் போல ஒரு பள்ளி ஆசிரியர்தான். இங்கிலாந்தின் சாலிஸ்பரி நகரில் ஆண்கள் பள்ளி ஒன்றில் வேலை பார்த்தவர். இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் பணியாற்றி, 1944இல் நார்மண்டித் தரையிறக்கத்திலும் பங்கேற்றுவிட்டு மீண்டும் வகுப்பறைக்கு வந்தார். நாவலைப் பள்ளி நோட்டுப் புத்தகத்தில்தான் எழுதினார். பல பதிப்பகங்கள் அதைத் திருப்பி அனுப்பின. கடைசியில் அதை வெளியிட்ட ஃபேபர் நிறுவனத்திலும், முதலில் படித்துப் பார்த்தவர் வேண்டாம் என்றே குறிப்பு எழுதினார். சார்லஸ் மான்டீத் என்ற இளம் பதிப்பாசிரியர் அதை எடுத்துப் படித்ததால் 1954இல் புத்தகமாக வந்தது. 1983இல் கோல்டிங்குக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதற்குப் பிறகும் எதிர்ப்பு ஓயவில்லை. 1990களில் அமெரிக்காவில் அதிகம் ஆட்சேபிக்கப்பட்ட நூறு நூல்களின் பட்டியலில் இதுவும் இருந்தது. முதல் வாசகரிலிருந்தே கருத்து இரண்டுபட்ட புத்தகம் இது.

கதை எளிது. போர்க்காலத்தில் விமானம் விழுந்து, சிறுவர்கள் மட்டும் ஆளில்லாத தீவில் மாட்டிக்கொள்கிறார்கள். சங்கு ஊதிக் கூட்டம் கூட்டுகிறார்கள், தலைவனைத் தேர்ந்தெடுக்கிறார்கள், கப்பலுக்குத் தெரியும்படி தீ மூட்டுகிறார்கள். பிறகு வேட்டை, பயம், முகத்தில் சாயம். இரண்டு சிறுவர்கள் கொல்லப்படுகிறார்கள்.

படித்தவர்களில் ஒரு சாரார், பிள்ளைகள் இப்படியா இருப்பார்கள், எழுதியவர் மனம்தான் இருண்டது என்பார்கள். இன்னொரு சாரார், பள்ளி மைதானத்தை ஓர் இடைவேளை நேரம் பார்த்தால் போதும், எல்லாம் உண்மை என்பார்கள். மூன்றாவதாக ஒரு குரல் உண்டு, எனக்கு அது முக்கியமானது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் கெட்டுப்போவதைக் காட்ட, சாயம் பூசி ஆடும் காட்டுமிராண்டி என்ற காலனிக்காலப் படத்தை ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற கேள்வி. ஆளப்பட்ட நாட்டில் பிறந்த வாசகருக்கு அது உறுத்தத்தான் செய்யும். எனக்கும் உறுத்தியது. அதை வகுப்பிலும் சொன்னேன்.

ஒரே புத்தகத்தைப் படித்தவர்கள் ஏன் இவ்வளவு மாறுபடுகிறார்கள்? லூயிஸ் ரோசன்பிளாட் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1938இலேயே இதைப் பற்றி எழுதினார். பொருள் புத்தகத்துக்குள் மட்டும் இல்லை, அதைத் தன் வாழ்க்கையோடு சேர்த்துப் படிக்கும் வாசகரோடு சேர்ந்தே உருவாகிறது என்பது அவர் வாதம். வீட்டில் அடி வாங்கும் பிள்ளைக்கும், அடி என்பதையே அறியாத பிள்ளைக்கும் ஒரே காட்சி ஒரே காட்சியாக இருக்காது. நாம்தான் வகுப்பு முழுவதற்கும் ஒரே 'கதையின் நீதி'யைக் கரும்பலகையில் எழுதிப்போட்டுவிடுகிறோம்.

வன்முறை இருக்கிறதா இல்லையா என்பதைவிட, எப்படிக் காட்டப்படுகிறது என்று பார்ப்பது பயன்தரும். நாவலின் நடுவில் ஒரு சிறிய காட்சி. ரோஜர் என்ற பையன், மணலில் விளையாடும் சின்னப் பையனை நோக்கிக் கல் எறிகிறான். ஆனால் மேலே படாதபடி, சுற்றித்தான் எறிகிறான். பெற்றோர், பள்ளி, போலீஸ் என்று ஊரில் விட்டுவந்த கட்டுப்பாடு இன்னும் அவன் கையைப் பிடித்திருக்கிறது. பின்னால் பெரும்பாறையை உருட்டி ஓர் உயிரை எடுப்பவனும் அவனே. ரத்தத்தைக் காட்டி ரசிக்க வைக்கும் சினிமாச் சண்டைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கே இருக்கிறது. கல் குறி தவறும் இடத்திலேயே நமக்கு வயிறு கலங்குகிறது. வகுப்பில் நான் அதிக நேரம் நின்றதும் இந்த இடத்தில்தான். "எந்த இடத்துல யாராவது தடுத்திருக்கலாம்?" என்று கேட்டேன். பாறை உருளும் இடம் என்று ஒருவரும் சொல்லவில்லை. கல் எறிந்தபோதே என்றார்கள் பலர்.

கதையை முடித்ததும், உண்மையில் நடந்த ஒன்றையும் சொன்னேன். 1965இல் பசிபிக் தீவு நாடான டோங்காவில், விடுதிப் பள்ளியிலிருந்து ஆறு பையன்கள் படகெடுத்துக் கிளம்பிப் புயலில் சிக்கி, அட்டா என்ற ஆளில்லாத தீவில் ஒதுங்கினார்கள். ஏறக்குறைய பதினைந்து மாதங்கள் கழித்து, 1966இல் பீட்டர் வார்னர் என்ற ஆஸ்திரேலியக் கப்பல் தலைவர் அவர்களைக் கண்டுபிடித்தார். ஆறு பேரும் உயிரோடு இருந்தார்கள். தீயை அணையவிடாமல் காத்திருந்தார்கள். ஒருவன் கால் உடைந்தபோது மற்றவர்கள் கட்டுப்போட்டுக் குணப்படுத்தியிருந்தார்கள். கோல்டிங் தவறு என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுபவர்கள் உண்டு. எனக்கு முழு உடன்பாடில்லை. அவர்கள் முன்பே நண்பர்கள், ஆறே பேர். ஆனால் நாவலை மட்டும் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விடுவது மாணவர்களுக்குச் செய்யும் துரோகம் என்று நினைக்கிறேன்.

சக ஆசிரியை கேட்டதில் பாதி சரி என்பதும் எனக்குத் தெரியவந்தது. இரண்டாம் வாரம் ஒரு மாணவி மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். நான் கதை வேகத்தில் கவனிக்கவில்லை, பக்கத்தில் இருந்தவள் பிறகு சொன்னாள். மூன்றாம் வாரம் வகுப்பு தொடங்கும் முன் அவளைத் தனியே அழைத்து, இன்று வருவது கடினமான பகுதி, விரும்பினால் நூலக அடுக்கைச் சரிசெய்யலாம் என்றேன். அவள் அடுக்குகளிடம் போனாள். இதை முதல் வாரமே எல்லாருக்கும் சொல்லியிருக்க வேண்டும்.

பாறையில் அடிபட்டுச் சாகும் பையனை நாவல் முழுவதும் 'பிக்கி' என்றே அழைக்கிறார்கள். பன்றிக்குட்டி என்று பொருள்படும் கேலிப்பெயர். அப்படிக் கூப்பிட வேண்டாம் என்று அவன் தொடக்கத்திலேயே சொல்லியும் அதுவே நிலைத்துவிடுகிறது. கடைசி நாள் கேட்டேன்: "அவனோட நிஜப் பேர் என்ன?"

"நீங்க சொல்லவே இல்லையே சார்."

"புத்தகத்திலயும் இல்ல."

வகுப்பு அமைதியானது. நான்கைந்து தலைகள் கடைசி பெஞ்சுப் பக்கம் திரும்பின. அங்கே இருப்பவனை எல்லாரும் 'போண்டா' என்றுதான் கூப்பிடுவார்கள். வருகைப் பதிவைத் தவிர மற்ற நேரங்களில் நானும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன், செல்லமாகத்தான் என்று நினைத்து.

மணி அடித்த பிறகு அவன் வந்தான். "சார், எழுதினவர் பேரை மறந்துட்டாரா, வேணும்னே விட்டுட்டாரா?"

"வேணும்னேதான்னு நினைக்கிறேன்."

தலையாட்டிவிட்டுப் போனான். மறுநாள் சாக்பீஸ் எடுத்துவர அவனை அவன் பெயரிட்டு அழைத்தேன். தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று புரிந்து எழ அவனுக்குச் சற்று நேரம் பிடித்தது.