17-வது ஸ்லைடில் ஒளிந்திருக்கும் முக்கிய எண்: பிபிடி வரிசையை மாற்றுவது எப்படி?

அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் உதிரிபாகம் செய்யும் சின்ன யூனிட் ஒன்று, பெரிய கம்பெனியிடம் ஆர்டர் கேட்டுப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கையில் 20 ஸ்லைடு பிபிடி. முதலில் கம்பெனி வரலாறு, அப்புறம் விஷன், மிஷன், மெஷின் போட்டோக்கள். எத்தனை பீஸ் ரிஜெக்ட் ஆகிறது, எத்தனை நாளில் டெலிவரி என்ற கணக்கு 17-வது ஸ்லைடில். எதிரே இருக்கும் பர்ச்சேஸ் மேனேஜருக்கோ பத்து நிமிஷத்தில் வேறு மீட்டிங். ஆர்டரை வாங்கித் தரக்கூடிய ஸ்லைடை அவர் பார்க்கவே போவதில்லை.

நாம் யோசித்த வரிசையிலேயே ஸ்லைடும் போட்டுவிடுகிறோம். கேட்பவருக்கு வேண்டியது வேறு வரிசை. இதற்காக பிபிடியைப் புதிதாகச் செய்ய வேண்டியதில்லை, இழுத்துப் போட்டாலே போதும்.

ஆவடியில் ரயில் ஏறி அம்பத்தூரில் இறங்குவதற்குள் போனிலேயே முடித்துவிடலாம். பவர்பாயின்ட், கூகுள் ஸ்லைட்ஸ் இரண்டு ஆப்பிலும் ஸ்லைடின் சின்னப் படத்தை அழுத்திப் பிடித்து, வேண்டிய இடத்துக்கு நகர்த்தி விட வேண்டும். லேப்டாப்பில் ‘வியூ’ மெனுவில் உள்ள ‘ஸ்லைடு சார்ட்டர்’ வசதியானது. எல்லா ஸ்லைடும் கேரம் போர்டு காய் மாதிரி ஒரே திரையில் பரவிக் கிடக்கும். இடப்பக்கப் பட்டியலில் ஸ்லைடைத் தேர்வு செய்து கன்ட்ரோலோடு மேல் அம்புக்குறியைத் தட்டினால் ஒரு இடம் மேலே போகும். ஷிஃப்டையும் சேர்த்தால் நேராக முதலிடம்.

சிக்கல் மாற்றிய பிறகுதான். ஸ்லைடு எண் தானாக மாறிவிடும், ஆனால் கையால் டைப் செய்த “பக்கம் 7” மாறாது. “முன்பு பார்த்ததுபோல” என்ற வரி, இன்னும் பார்க்காத ஒன்றைச் சொல்லிக்கொண்டு நிற்கும். ஸ்பீக்கர் நோட்ஸ் ஸ்லைடோடு சேர்ந்தே நகரும். அதில் “அடுத்து விலை” என்று எழுதியிருந்தால் அதையும் திருத்த வேண்டும். ‘மார்ஃப்’ எஃபெக்ட் அடுத்தடுத்த இரண்டு ஸ்லைடுகளை நம்பியிருப்பது. ஜோடியைப் பிரித்தால் அழகு போச்சு.

முக்கியமானது அடியில் கிடந்தால் என்ன ஆகும் என்பதற்கு நாசாவிலேயே உதாரணம் உண்டு. கல்பனா சாவ்லா உட்பட 7 பேர் பலியான கொலம்பியா விண்கலம், 2003 ஜனவரியில் கிளம்பியபோதே அதன் இறக்கையில் நுரைத்துண்டு ஒன்று மோதியிருந்தது. விண்கலம் மேலே இருக்கும்போது பொறியாளர்கள் காட்டிய ஒரு ஸ்லைடின் தலைப்பு தைரியம் தருவதாக இருந்தது. மோதிய துண்டு 1,920 கன அங்குலம், சோதித்துப் பார்த்ததோ வெறும் 3 கன அங்குலம் என்ற தகவல் அதே ஸ்லைடின் கடைசியில், சிறிய எழுத்தில். விபத்துக்கு நேரடிக் காரணம் ஸ்லைடு அல்ல. ஆனால் விசாரணை வாரியம் தன் அறிக்கையில் அந்த ஸ்லைடைத் தனியாக எடுத்துப் போட்டு விமர்சித்தது.

ஒரே பிபிடியை வங்கிக்கும் கஸ்டமருக்கும் காட்ட வேண்டுமா? ஒவ்வொரு முறையும் கலைக்க வேண்டாம். ‘ஸ்லைடு ஷோ’ மெனுவில் ‘கஸ்டம் ஸ்லைடு ஷோ’ மூலம் இரண்டு வரிசைகளைத் தனித்தனி பெயரில் சேமிக்கலாம், அசல் அப்படியே இருக்கும். நடுவில் “ரேட் என்ன சார்?” என்று கேட்டுவிட்டால், லேப்டாப்பில் ஸ்லைடு எண்ணை டைப் செய்து என்டர் தட்டுங்கள், நேராக அங்கே போய் நிற்கும். அந்த எண்ணை மட்டும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.