டாக்டர்களும் படிக்க வேண்டிய பாடம்

"இனிமே செய்யறதுக்கு ஒண்ணுமில்லை. வீட்டுக்கு அழைச்சிட்டுப் போயிடுங்க." கர்ப்பப்பைப் புற்றுநோய் முற்றிப்போயிருந்த என் மாமியாரைப் பார்த்துவிட்டு ஒரு பெரிய டாக்டர் இப்படித்தான் சொன்னார். வீட்டுக்கு வந்தோம். ராத்திரி முழுக்க அத்தை தலையணையைக் கடித்துக்கொண்டு கிடப்பார். விசிறியோடு பக்கத்தில் உட்காருவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

பத்தாம் நாள் என் தங்கை மகன் வந்தான். இளம் டாக்டர். கட்டிலிலேயே உட்கார்ந்து, "பாட்டி, எங்கே வலிக்குது? ராத்திரியிலே எதை நினைச்சுப் பயப்படறீங்க?" என்று அரைமணி நேரம் விசாரித்தான். தான் வேலை பார்க்கும் மையத்திலிருந்து மார்ஃபின் மாத்திரை ஏற்பாடு செய்தான். வலி வரும்வரை காத்திராமல், நாலு மணிக்கொரு தரம். கூடவே மலச்சிக்கலுக்கு மருந்து. "பழக்கமாயிடாதாடா?" என்று நான்கூட பயந்தேன். "டாக்டர் அளவு பார்த்து வலிக்குக் கொடுத்தா அந்தப் பயம் வேண்டாம் பெரியம்மா" என்றான். மூன்றாம் ராத்திரி அத்தை தூங்கினார்.

"இதெல்லாம் எந்தக் காலேஜ்லே சொல்லித் தர்றாங்க?"

"காலேஜ்லே சொல்லித் தரலை. கோழிக்கோட்டிலே ஆறு வாரம் கத்துக்கிட்டேன்."

கோழிக்கோட்டில் 1993-ல் டாக்டர் ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலானோர் வலி நிவாரணச் சங்கம் ஆரம்பித்தார்கள். அங்கே வளர்ந்த பயிற்சி நிலையத்தில் டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் குறுகியகாலப் பயிற்சி உண்டு. இதையே தனித்துறையாக எடுப்பவர்கள் எம்.பி.பி.எஸ். முடித்து, மூன்று வருஷம் எம்.டி. படிக்க வேண்டும். மும்பை டாடா ஆஸ்பத்திரியில் 2012-ல் அது தொடங்கியது. எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கே இதில் கொஞ்சம் பாடம், 2019-ல் வந்த புதிய பாடத்திட்டத்தில்தான் சேர்ந்தது. தாமதம்தான், போங்கள்!

இங்கிலாந்தில் 1987-லேயே இது தனி மருத்துவப் பிரிவு. அதற்கு வழிபோட்டவர் ஒரு பெண்மணி, சிசிலி சாண்டர்ஸ். நர்ஸாக இருந்தவர், முதுகுவலியால் அந்த வேலையை விட்டார். பிறகு முப்பது வயதுக்கு மேல் மருத்துவம் படித்து 1957-ல் டாக்டரானார். 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தைத் திறந்தார். மனக்கவலையும் குடும்பக்கவலையும் சேர்ந்ததுதான் வலி என்று சொல்லிக் கொடுத்தவர் அவரே.

படித்தால் மட்டும் போதுமா, மருந்து வேண்டாமா? 1985-ம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தால் மார்ஃபின் கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருந்தது. 2014-ல் அதைத் திருத்தினார்கள்.

அத்தை ஏழு வாரம் இருந்தார். ஒருநாள் வத்தக்குழம்பு கேட்டு இரண்டு கவளம் சாப்பிட்டார்.

பையன் இப்போது இதே பிரிவில் எம்.டி. சேர நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறான். "வேற பிரிவு எடுத்தா நாலு காசு பார்க்கலாமே, நீயாவது சொல்லேன் அக்கா" என்கிறாள் தங்கை. நான் சொல்லப்போவதில்லை.